மேயர் வேட்பாளர் இல்லாத மேயர் தேர்தல்

(மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஜனவரி மாத இறுதியில் நடைபெற்ற தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த நவம்பர் 4ஆம் தேதி நியூயார்க் மாநகர மக்கள் தம் மேயரைத் தேர்ந்தெடுத்தனர். இம்மாதம் 15ஆம் தேதி மும்பை மாநகர மக்கள் வாக்களித்தனர். இவ்விரு மாநகரங்களிலும் மேயர் பதவிக்குப் போட்டியிட்டோரின் கொள்கை நிலைப்பாடுகளை ஒப்பிட்டுப் பேசுமாறு எனக்குப் பணிக்கப்பட்டிருக்கிறது. குறிப்பெடுக்க அமர்ந்தவுடனேயே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. நியூயார்க்கில் ஒப்பிடுவதற்கு மூன்று வேட்பாளர்கள் இருக்கிறார்கள். மும்பையில் ஒருவர்கூட இல்லை.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. மும்பை மாநகராட்சி 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றும் நடைபெறுகிறது. அச்சட்டம் நிர்வாக அதிகாரத்தை ஆணையரிடம் ஒப்படைக்கிறது. அந்த ஆணையரை நியமிப்பது மாநில அரசு. 227 மாமன்ற உறுப்பினர்கள் கூடி இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கிறார், விருந்தினரை வரவேற்கிறார். கையொப்பமிட்டுச் செலவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. அப்பதவி எந்தப் பிரிவினருக்கு ஒதுக்கப்படும் என்பதைக்கூடத் தேர்தல் முடிந்த பிறகு குலுக்கல் சீட்டுதான் தீர்மானிக்கிறது. 1998இல் மேயர் தலைமையிலான ஒரு குழுவுக்கு நிர்வாக அதிகாரம் வழங்கிப் பார்த்தார்கள்; அது நிலைக்கவில்லை. சென்னையில் 1996இலும் 2001இலும் 2011இலும் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் அந்த முறை அங்கும் கைவிடப்பட்டது. நாடாளுமன்றம் 74ஆவது திருத்தத்தை நிறைவேற்றி முப்பதாண்டுகள் கடந்துவிட்டன. நகரங்களுக்குத் தன்னாட்சி என்பது இன்னும் அட்டவணையில் எழுதப்பட்ட 18 பணிகளின் பட்டியலாகவே நிற்கிறது.

இந்த அரைகுறை மன்றமும் இல்லாமல் நாம் எத்தனை காலம் இருந்தோம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிவடைந்தது. அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆணையரே ஆணையரிடம் கோரிக்கை வைத்து, ஆணையரே அதை ஏற்றுக்கொண்டு, ஆணையரே செலவு செய்தார். 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தலையிட்டு உத்தரவிட்ட பின்னரே தேர்தலுக்கு வழி பிறந்தது. 2025–26ஆம் ஆண்டுக்கு 74,427 கோடி ரூபாய் நிதிநிலை கொண்ட ஒரு மாநகராட்சி, சில மாநில அரசுகளின் நிதிநிலையை விடப் பெரியது, மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இன்றி நடத்தப்பட்டது. இந்நகரின் ஊடகங்களுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை.

சரி, மேயர் வேட்பாளர் இல்லாத மேயர் தேர்தலில் மேயரைப் பற்றி எவரும் பேசவில்லையா? ஓயாமல் பேசினார்கள். நியூயார்க்கில் ஸோரான் மம்தானி வென்ற மறுகணமே, மும்பை பாஜகவின் தலைவர் அமித் சாட்டம் அந்த வெற்றியைச் சுட்டிக்காட்டி, மும்பையில் எந்தக் 'கானை'யும் மேயராக்க விடமாட்டோம் என்னும் பொருள்பட எச்சரித்தார். தாக்கரே சகோதரர்கள் கைகோத்த அன்றே மேயர் மராட்டியராக இருப்பார் என்று அறிவித்தார்கள். முதல்வர் ஃபட்னவிஸ் ஒரு சொல்லைச் சேர்த்து, மேயர் இந்து மராட்டியராக இருப்பார் என்றார். ஆக, மேயர் எந்தச் சாதி, எந்த மதம், எந்த மொழி என்பதில் மும்பை வாக்காளருக்கு மிகத் தெளிவான ஒப்பீடு கிடைத்தது. அவர் என்ன செய்வார் என்பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அமித் சாட்டம் அஞ்சிய அந்த மம்தானி என்ன சொல்லி வென்றார் என்பதை முதலில் பார்ப்போம். அவருடைய தந்தை மஹ்மூத் மம்தானி 1946இல் இதே பம்பாயில் பிறந்தவர். தாய் 'சலாம் பாம்பே' எடுத்த மீரா நாயர். இச்செய்தியைப் பெருமையோடு பகிர்ந்துகொண்ட நம் நகரத்துச் செல்வந்தர்கள், அவருடைய வரித் திட்டத்தைப் பகிர்ந்துகொண்டதாக நான் அறியவில்லை.

மம்தானியின் முதல் வாக்குறுதி வாடகை. நியூயார்க்கில் ஏறத்தாழ 10 லட்சம் குடியிருப்புகள் வாடகை ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை. அவற்றின் வாடகை ஆண்டுக்கு எவ்வளவு உயரலாம் என்பதை ஒன்பது உறுப்பினர் கொண்ட வாரியம் தீர்மானிக்கிறது; அந்த ஒன்பது பேரையும் நியமிப்பவர் மேயர். முந்தைய மேயர் எரிக் ஆடம்ஸின் நான்காண்டுகளில் அந்த வாரியம் மொத்தம் சுமார் 12 சதவீதம் வாடகையை உயர்த்த அனுமதித்தது. தாம் மேயரானால் உயர்வு சுழியம் என்றார் மம்தானி. இது ஆகாயக் கோட்டை அன்று. 2015, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் அதே வாரியம் ஓராண்டு ஒப்பந்தங்களுக்கு உயர்வை நிறுத்தி வைத்திருக்கிறது. மேயரின் கையில் இருக்கும் ஒரு அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்து, அதை யாருக்காகப் பயன்படுத்துவேன் என்று சொன்னார். ஒரு கொள்கை நிலைப்பாட்டுக்கு இலக்கணம் அதுவே.

அவரை எதிர்த்த ஆண்ட்ரூ கூமோ முன்னாள் ஆளுநர். 2021இல் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளின் பின்னணியில் பதவி விலகியவர். அக்குற்றச்சாட்டுகளை அவர் மறுத்து வருகிறார். வாடகை உயர்வை நிறுத்தினால் வீட்டு உரிமையாளர்கள் பராமரிக்க மாட்டார்கள் என்றார். பின்னர் வேறொரு திட்டத்தை முன்வைத்தார்: ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வீடு காலியாகும்போது, வருமானத்தைச் சோதித்து, தேவையுள்ள ஏழைக்கு மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். மம்தானியே அப்போது அத்தகைய வீட்டில் குடியிருந்தார் என்பதைக் காட்டி அச்சட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டிக் கிண்டல் செய்தார். மேலோட்டமாகக் கேட்டால் நியாயமாகத் தோன்றும் வாதம் இது. ஏழைக்குத்தானே கொடுக்கச் சொல்கிறார்? இதற்கு நான் பிறகு வருகிறேன். தாராவிக்குப் போகும் வழி இதன் ஊடாகத்தான் செல்கிறது.

மூன்றாமவர் குடியரசுக் கட்சியின் கர்டிஸ் ஸ்லிவா. சிவப்புத் தொப்பி அணிந்து சுரங்க ரயில்களில் தன்னார்வக் காவல் நடத்தியவர். 7,000 காவலர்களைக் கூடுதலாகச் சேர்ப்பேன் என்றார். கூமோ 5,000 என்றார். மம்தானி காவல் எண்ணிக்கையை உயர்த்தாமல், மனநலச் சிக்கல்களுக்குக் காவலர் அல்லாத குழுக்களை அனுப்பும் தனித் துறை ஒன்றை உருவாக்குவேன் என்றார். ஸ்லிவாவைப் பற்றி இதற்கு மேல் பேச நேரமில்லை. நியூயார்க் வாக்காளர்களும் அவருக்கு அதிக நேரம் ஒதுக்கவில்லை.

மற்ற வாக்குறுதிகளைத் தமிழர்களாகிய நாம் கேட்கும்போது சற்றே சிரிப்பு வரும். கட்டணமில்லா நகரப் பேருந்து. ஆறு வார வயது முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் காப்பகம். நகரின் ஐந்து பிரிவுகளிலும் ஒவ்வொன்றாக மாநகராட்சியே நடத்தும் மளிகைக் கடை. இந்தக் கடைகளைக் கேட்டு அமெரிக்கச் செய்தித்தாள்கள் சோவியத் ஒன்றியம் திரும்பிவிட்டதாக அலறின. திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவு அங்காடி தொடங்கப்பட்டது. தமிழகத்தில் நியாயவிலைக் கடை இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். 2013 முதல் சென்னை மாநகராட்சி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றது. 2021 முதல் தமிழக நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். உலகின் மிகப் பணக்கார நகரத்தில் புரட்சி என்று அஞ்சப்படுவது, நம் ஊரில் அம்மாக்கள் பையோடு வரிசையில் நிற்கும் அன்றாடக் காட்சி. ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. நம்மிடம் இவை யாவும் ஆட்சியாளரின் படத்தோடு, கருணையாக வழங்கப்பட்டன. மம்தானி அவற்றை வரியோடு சேர்த்துச் சொன்னார்: ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் கூடுதலாக 2 சதவீதம் செலுத்த வேண்டும், நிறுவன வரி 11.5 சதவீதமாக, அதாவது பக்கத்து நியூ ஜெர்சியின் அளவுக்கு, உயர வேண்டும். எது இலவசம் என்பதையும், அதற்குப் பணம் தருபவர் யார் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். கூமோவின் பின்னால் பெருஞ்செல்வர்களின் பணம் குவிந்ததற்கும், தேர்தலுக்கு முந்தைய நாள் அதிபர் டிரம்ப் கூமோவுக்கு வாக்களிக்கச் சொன்னதற்கும் காரணம் மளிகைக் கடை அன்று, இந்த 2 சதவீதம்.

இனி மும்பைக்கு வருவோம். அறிக்கைகள் இங்கும் வெளியாகின. மராட்டியில் தாக்கரே அணியினர் தம் அறிக்கையை 'வசன்நாமா' என்கிறார்கள். மராட்டியில் வசன் என்றால் வாக்குறுதி. தமிழில் வசனம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் வாய்ப்பது அரிது.

அதில் இருந்தவை: 700 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்துவரி விலக்கு, பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் மீண்டும் 5 ரூபாய், வீட்டுப் பணிப் பெண்களுக்கும் கோலி சமூகப் பெண்களுக்கும் மாதம் 1,500 ரூபாய், 10 ரூபாய்க்கு உணவு, ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் வீடுகள். மகாயுதியின் அறிக்கையில்: பெஸ்ட் பேருந்துகளில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம், பேருந்துகளின் எண்ணிக்கை 10,000 ஆக உயர்வு, பெண்களுக்கு 5 லட்சம் வரை வட்டியில்லாக் கடன், கூடவே வங்கதேசத்தவரையும் ரோஹிங்கியாக்களையும் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. பேருந்துக் கட்டணத்தையும் மனிதரை வேட்டையாடும் கருவியையும் ஒரே தாளில் அச்சிட ஒரு தனி மனத்திடம் வேண்டும். வங்கமொழி பேசும் தொழிலாளரைத் தேடும் கருவி நாளை எந்த மொழி பேசுவோரைத் தேடும் என்ற கேள்வி நமக்கு அயலானது அன்று.

பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அப்போது மாநகராட்சியை நடத்தியது பிளவுபடாத சிவசேனை. கட்டணம் குறைந்தது, பயணிகள் பெருகினர், மகிழ்ச்சி. ஆனால் அதே உடன்பாட்டில் பெஸ்டின் சொந்தப் பேருந்துகள் 3,337க்குக் குறையக்கூடாது என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. அந்த எண் காற்றில் பறந்தது. குத்தகைப் பேருந்துகள் வந்தன. ஓட்டுநர் ஒப்பந்ததாரரின் ஆள் ஆனார். சொந்தப் பேருந்துகள் சில நூறாகச் சுருங்கின. 2024 டிசம்பரில் குர்லாவில் கூட்டத்துக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தது அப்படியொரு குத்தகைப் பேருந்துதான். 2025 மே மாதம் கட்டணம் 10 ரூபாயாக இருமடங்கானது. இப்போது ஓர் அணி 5 ரூபாய் என்கிறது, மற்றோர் அணி பாதிக் கட்டணம் என்கிறது. எத்தனை பேருந்துகள் என்பது பற்றிப் பேசிய அளவுக்கு, அவை யாருடையவை, அவற்றை ஓட்டுபவருக்கு முதலாளி யார் என்பது பற்றி இரு தரப்பும் பேசவில்லை. 74,427 கோடி நிதிநிலையில் பெஸ்டுக்கு ஒதுக்கப்பட்டது 1,000 கோடி. அதே நிதிநிலையில் மூலதனப் பணிகளுக்கு, அதாவது பெரும்பாலும் சாலை, மேம்பாலம், சுரங்கப் பாதை ஆகியவற்றுக்கு 43,000 கோடிக்கு மேல். கடற்கரைச் சாலையில் நம்மில் எத்தனை பேர் கார் ஓட்டுகிறோம்?

சொத்துவரி விலக்கிலும் இதே நிலை. 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2022இலேயே விலக்கு அறிவிக்கப்பட்டது. அதை 700 ஆக உயர்த்துவது நடுத்தர வர்க்கத்துக்கு ஆறுதல் தரும். நான் அதை இகழவில்லை. ஆனால் அந்த இழப்பை எந்தச் சொத்திலிருந்து ஈடு செய்வது என்று சொல்லியிருக்க வேண்டும். வரிச் சுமையை யார் மீது ஏற்றுவது என்ற கேள்விக்கு நிர்வாகம் தன் விடையை 2025–26 நிதிநிலையிலேயே சொல்லிவிட்டது: குடிசைப் பகுதிகளில் உள்ள கடைகள், பட்டறைகள், சிறு தொழிலகங்கள் மீது சொத்துவரி; அதிலிருந்து 350 கோடி வருவாய். தாராவியின் தோல் பட்டறையும் இட்லி மாவு அரைக்கும் கடையும் அதற்குள் அடங்கும். வியன்னாவில் சோஷலிஸ்டுகள் 1923இல் வீட்டுவரி போட்டார்கள். சிறு வீட்டுக்குக் குறைவாக, மாளிகைக்குப் பன்மடங்காக. அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000 குடியிருப்புகளைக் கட்டினார்கள். மாநகராட்சியின் வரி அதிகாரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு அது பழைய எடுத்துக்காட்டு. இன்னும் யாரும் இங்கு அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

வாடகை பற்றி மும்பைக்கு நியூயார்க் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லப்போனால் நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் தேதி இருந்த வாடகையை அப்படியே உறைய வைத்தது. இந்தக் கிங்ஸ் சர்க்கிளிலும் மாதுங்காவிலும் தாதரிலும் நம் முன்னோர் 'பக்டி' கொடுத்துக் குடியேறிய வீடுகள் அந்தச் சட்டத்தின் நிழலில் நின்றவை. தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த குமாஸ்தாக்கள் மூன்று தலைமுறை இந்நகரின் நடுவில் வாழ முடிந்தது அச்சட்டத்தால்தான். அதை மறுப்பவர்கள் வரலாறு அறியாதவர்கள். ஆனால் அடுத்து நடந்ததையும் மறைக்கக்கூடாது. வாடகை உறைந்தது, பழுதுபார்க்கும் கடமையும் அதனுடன் உறைந்துவிட்டது. உரிமையாளர் கை கழுவினார். அரசு தீர்வைக் கட்டடங்கள் என்று 19,000க்கு மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டுப் பழுதுபார்ப்பு வாரியம் அமைத்தது. மழைக்காலம்தோறும் ஒன்றிரண்டு இடிந்து விழுந்தன. 1997இல் உச்சநீதிமன்றம் அந்த உறைநிலை நியாயமற்றதாகிவிட்டது என்றது. 1999 சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது. அதற்குள் நிலத்தின் விலை வானத்தைத் தொட்டுவிட்டது. பழுதுபார்ப்பை விட இடித்துக் கட்டுவதே இலாபம் என்றாயிற்று. இன்று எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு கட்டுமான நிறுவனத்தின் தகரத் தடுப்பு.

எனவே கூமோ சொன்னதில் ஒரு பாதி உண்மை: உயர்வை மட்டும் நிறுத்தினால் உரிமையாளர் பராமரிக்க மாட்டார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, உரிமையாளருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது. நாம் எடுக்க வேண்டிய முடிவு வேறு. வாடகைக் கட்டுப்பாட்டோடு பழுதுபார்க்கும் சட்டக் கடமையும், நகரமே வீடு கட்டும் திட்டமும் சேர்ந்து நடக்க வேண்டும். மம்தானி பத்தாண்டுகளில் 2 லட்சம் வீடுகள் என்று சொல்லியிருப்பதை இந்த அளவுகோலால்தான் பின்தொடர வேண்டும். வாடகை நிறுத்தம் முதலாண்டிலேயே வரலாம். வீடு கட்டுதல் தடைபட்டால், நியூயார்க்கும் முப்பதாண்டுகளில் தகரத் தடுப்பைப் பார்க்கும்.

இப்போது தாராவி. இதற்காகத்தான் உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை மாலையை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள் என்று அறிவேன்.

2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு ஒப்புதலோடு தாராவி ஒப்பந்தத்தைப் பெற்றது. திட்ட நிறுவனத்தில் 80 சதவீதம் அதானிக்கு, 20 சதவீதம் மாநில அரசுக்கு. 2000 ஜனவரி 1க்கு முன்பு தரைத்தளத்தில் குடியிருந்தோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அந்நாளுக்குப் பின், 2011 ஜனவரி 1 வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. அதற்கும் பின், 2022 நவம்பர் 15 வரை வந்தோருக்கும், மாடியில் குடியிருப்போருக்கும் வெளியே வாடகை வீடு அல்லது தவணைக் கொள்முதல். வெளியே என்றால் எங்கே? உப்பளங்கள், முலுண்ட், தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். அந்தக் குப்பைமேட்டைத் துப்புரவாக்க 2,368 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது மாநகராட்சி. நிலம் தயாரிக்கும் செலவு நகர மக்களுடையது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மராட்டி அறிவிப்புகளில் இந்தப் பிரிவுகளைக் குறிக்க இரண்டு சொற்கள் புழங்குகின்றன: பாத்ர, அபாத்ர. தகுதியுடையவர், தகுதியற்றவர் என்று தமிழாக்கி விடலாம். நானும் அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால் நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வீடு இருக்கிறது. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்கிறது பழமொழி. இடுபவன் நிற்கிறான், ஏற்பவன் கையேந்துகிறான், கையேந்துபவன் தக்கவன்தானா என்று இடுபவன் பார்க்கிறான். இருபதாண்டுகளாகத் தாராவியில் தோல் தைத்தவர், பானை வனைந்தவர், நகரின் குப்பையைத் தரம் பிரித்து விற்றவர், தான் உருவாக்கிய நிலத்தின் மதிப்பில் தன் பங்கைக் கேட்கும்போது, அவர் 'பாத்திரமா' என்று பட்டியல் பார்க்கிறார்கள். கூமோவின் வருமானச் சோதனையும் இதே பழமொழியின் ஆங்கில வடிவம். உரிமையைப் பிச்சையாக மாற்றும் முதல் வேலை, தகுதிப் பட்டியல் தயாரிப்பது. எல்லார்க்கும் என்று சொன்னால் அது உரிமை. இன்னார்க்கு என்றவுடன் வாசலில் ஓர் அதிகாரி வந்து நிற்பார்.

இதில் அணிகளின் நிலைப்பாடு என்ன? மகாயுதிக்கு இது தன் சொந்தத் திட்டம், விளக்கம் தேவையில்லை. உத்தவ் தாக்கரே 2024இலேயே ஆட்சிக்கு வந்தால் அதானி ஒப்பந்தத்தை நீக்குவேன், தாராவி மக்களுக்குத் தாராவியிலேயே 500 சதுர அடி என்றார். இம்மாதம் சிவாஜி பூங்காவில் ராஜ் தாக்கரே வரைபடங்களைக் காட்டி அதானியின் விரிவாக்கத்தைச் சாடினார். வரவேற்போம். ஆனால் ஒரு நுணுக்கத்தைத் தவறவிடாதீர்கள். தாராவியில் திட்ட அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. மாநில அரசு அமைத்த தனி அதிகார அமைப்பிடம் இருக்கிறது. தேர்தலில் யார் வென்றிருந்தாலும் மாநகராட்சி மன்றம் அந்த ஒப்பந்தத்தை நீக்க முடியாது. மன்றத்தின் கையில் உள்ளவை வேறு: தேவ்னார் நிலமும் அதற்கான செலவும், குடிநீர்க் குழாய், சாக்கடை, பள்ளி, மருத்துவமனை, துப்புரவுத் தொழிலாளரின் பணி நிலை. மம்தானி செய்ததுபோல் தன் கையில் உள்ள அதிகாரத்தை எடுத்து இன்னது செய்வேன் என்று சொல்லும் அரசியல், வரைபடம் காட்டும் அரசியலை விடக் கடினம். காங்கிரசும் வஞ்சித் பகுஜன் ஆகாடியும் சேர்ந்து நின்றன. அவர்களுடைய பேச்சில் காற்று மாசு இடம்பெற்றது நன்று. அதற்கு மேல் அந்தக் கூட்டணி மக்களிடம் ஒரு மாற்றாகப் பதியவில்லை என்பதை எண்களே சொல்கின்றன.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். 227இல் பாஜக 89, ஷிண்டே சேனை 29. சேர்ந்து 118, பெரும்பான்மைக்கு வேண்டியது 114. உத்தவ் சேனை 65, நவநிர்மாண் சேனை 6, காங்கிரஸ் 24, மஜ்லிஸ் 8. ஏனைய ஆறு இடங்கள் இரு தேசியவாத காங்கிரஸ்களுக்கும் சமாஜ்வாதிக்கும். ஏறத்தாழ பாதி வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்கே வரவில்லை. நியூயார்க்கில் 1969க்குப் பின் இல்லாத அளவில் 20 லட்சம் பேர் வந்து வாக்களித்ததையும், மம்தானி அவற்றில் பாதிக்குச் சற்று மேல் பெற்றதையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

தமிழர் பகுதிகளில் நடந்த பிரச்சாரத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். தமிழக பாஜகவின் அண்ணாமலை இங்கு வந்து, பம்பாய் மகாராஷ்டிரத்தின் நகரமன்று, சர்வதேச நகரம் என்றார். ராஜ் தாக்கரே அவரை 'ரசமலாய்' என்று கேலி செய்து, 1960களின் லுங்கி எதிர்ப்பு முழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தார். இரு தரப்பும் மூன்று நாட்கள் இதில் குளிர் காய்ந்தன.

நம் நிலை தெளிவானது. மும்பை மகாராஷ்டிரத்தின் நகரம். அதற்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் குண்டடி பட்டு இறந்தார்கள். ஹுதாத்மா சௌக்கில் அவர்கள் நினைவு நிற்கிறது. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அதன் வெற்றி அலையில் மீரத் சதி வழக்குக் கைதியான கம்யூனிஸ்ட் எஸ். எஸ். மிராஜ்கர் 1958இல் இந்நகரின் மேயரானார். மராட்டிய மொழியின் உரிமையை ஒப்புக்கொள்வதால் தமிழ்த் தொழிலாளிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அதே வேளையில் லுங்கி முழக்கம் யாரை அடித்தது என்பதும் நினைவிருக்க வேண்டும். 1966இல் தொடங்கிய அந்த இயக்கம் உடுப்பி ஓட்டல்களோடு நிற்கவில்லை. ஆலைப் பகுதியில் செங்கொடிச் சங்கங்களைத் தாக்கியது. 1970 ஜூன் 5ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்ட பரேல் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய் மராட்டியர், கம்யூனிஸ்ட். அயலானை விரட்டும் கத்தி மண்ணின் மைந்தனான தொழிலாளியின் மீதுதான் இறங்கியது. அண்ணாமலையின் 'சர்வதேச நகரம்' யாருக்கானது என்பதற்குத் தாராவி ஒப்பந்தம் விடை. அவருக்கு வாக்களித்த தமிழர் தேவ்னாருக்குப் போகும்போது அந்தச் சர்வதேசம் உடன் வராது.

மம்தானியை நாம் தலைமேல் தூக்கி ஆட வேண்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் ஜனநாயக சோஷலிஸ்ட். ஜனநாயகக் கட்சியின் சின்னத்தில் நின்றவர். பதவியேற்கும் முன்பே பழைய காவல் ஆணையரைத் தொடரச் செய்தார். அவருடைய வரித் திட்டத்துக்கு மாநிலச் சட்டமன்றமும் ஆளுநரும் இசைய வேண்டும். பேருந்து நிர்வாகமும் மாநிலத்தின் கையில். மும்பை மேயரின் கை முழுதும் கட்டப்பட்டிருக்கிறது என்றால் நியூயார்க் மேயரின் கை பாதி கட்டப்பட்டிருக்கிறது. எனினும் 2021இல் கடனில் மூழ்கிய டாக்சி ஓட்டுநர்களோடு அவர் 15 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த ஓட்டுநர்களில் பலர் நம் துணைக்கண்டத்தவர். கடன் குறைக்கப்பட்டது. அறிக்கை எழுதும் முன்பே அதன் முதல் பத்தியைத் தெருவில் எழுதியவர் அவர். 2020இல் திருவனந்தபுரத்தில் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் மேயரானபோது, நியூயார்க்குக்கு எப்படிப்பட்ட மேயர் தேவை என்று அச்செய்தியைக் காட்டிக் கேட்டவரும் அவரே. கடந்த டிசம்பரில் அந்தத் திருவனந்தபுரத்தையே பாஜகவிடம் இடது முன்னணி இழந்தது. அங்கே என்ன நடந்தது என்பதைத் தனி வகுப்பில் விரிவாக ஆராய வேண்டும். இன்று ஒரு வரியில் கடக்கக் கூடியது அன்று.

நம் பகுதிக்குரிய வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். எஃப் வடக்கு, ஜி வடக்கு வார்டு அலுவலகங்களில் புதிய மாமன்ற உறுப்பினர்கள் பொறுப்பேற்றதும் அவர்களிடம் நேரில் கேட்க வேண்டியவை மூன்று. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை காலியாக உள்ளன? ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் 2,700 பேரை நிரந்தரமாக்க 2017இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போது ஒப்பந்தத்தில் இருப்போரின் நிலை என்ன? காந்தி மார்க்கெட்டில் வரும் மழைக்காலத்துக்குள் நீரேற்றுக் குழாய்கள் இயங்குமா? கேள்விகளை மராட்டியில் எழுதிக் கொடுங்கள். படிவம் நான் தயாரித்து வைத்திருக்கிறேன்.

தாராவித் தோழர்களுக்கு: இரண்டாம் இணைப்பு எனப்படும் தகுதிப் பட்டியலின் வரைவு பகுதி பகுதியாக ஒட்டப்படுகிறது. பெயர் விடுபட்டாலும், மாடிக் குடியிருப்பு தரைத்தளக்காரர் பெயரில் பதியப்பட்டிருந்தாலும், குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை தர வேண்டும். பழைய மின்கட்டண ரசீது, 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியலின் படி, குடும்ப அட்டை, புகைப்படச் சான்று ஆகியவற்றை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்; மூலத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள், படியை மட்டும் கொடுங்கள். மராட்டியில் வரும் அறிவிப்பைப் படிக்க இயலாதவர்கள் அதை அப்படியே கொண்டு வரட்டும். அடுத்த ஞாயிறு முதல் மாலை 5 மணிக்கு இதே இடத்தில் நானும் மராட்டி தெரிந்த இரு தோழர்களும் அமர்ந்திருப்போம்.